'டேக்' என்றால் 'எடு' என்று யார் சொன்னது?

பங்சார் குமாஸ்தா:

வணக்கம் மக்களே. ஒரே ஒரு வினைச்சொல்லால் இந்த வாரம் அலுவலகத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் மேலாளர் இங்கிலாந்துக்காரர், கோலாலம்பூருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: 'ஐ டேக் இட் யூ ஹேவ் சென்ட் தி குவொட்டேஷன்.' குவொட்டேஷனை அவரே எடுத்துக்கொள்கிறார் போல, நமக்கு ஒரு வேலை மிச்சம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பின்னால் இருந்த 'யூ ஹேவ் சென்ட்' ஏதோ அவசரத்தில் தட்டியது மாதிரி தெரிந்தது. 'நோட்டட், தேங்க்ஸ்' என்று பதில் போட்டேன். கணினியை அணைத்துவிட்டு பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் வாடிக்கையாளர் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார். 'அனுப்பிவிட்டதாக நீதானே சொன்னாய்?' என்கிறார் மேலாளர். 'எடுத்துக்கொள்வதாக நீங்கள்தானே சொன்னீர்கள்?' என்கிறேன் நான். பக்கத்து மேசை சீனத் தோழி வந்துதான் சொன்னாள், அதற்கு 'நீ அனுப்பியிருப்பாய் என்று நினைக்கிறேன்' என்று பொருளாம்.

இருபது வருடம் ஆங்கிலத்தில்தான் பிழைப்பு. 'டேக்' என்றால் 'எடு' என்று இரண்டாம் ஆண்டில் நோட்டுப் புத்தகத்தில் எழுதியது இன்றைக்கும் மனதில் அப்படியே இருக்கிறது. அது போதாது என்று இப்போதுதான் தெரிகிறது. இந்தச் சொல்லுக்கு மொத்தம் எத்தனை பொருள்தான் இருக்கிறது?

மேசை எண் 7:

அண்ணே, குவொட்டேஷன் போனால் போகிறது. வாழை இலைச் சாப்பாடு எப்படி இருந்தது?

டியூஷன் அக்கா:

குமாஸ்தா தம்பி, உங்கள் நிலைமை புரிகிறது. அந்த வாக்கியத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

அதில் வருகிற 'இட்' குவொட்டேஷனைக் குறிக்கவில்லை. பின்னால் ஒரு முழு வாக்கியம் வரப்போகிறது, அதற்காக முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கிறது. சாப்பாட்டுக் கடையில் நாம் மேசை மேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு வரிசையில் நிற்பதில்லையா, அந்த டிஷ்யூ பாக்கெட்தான் இந்த 'இட்'. அதை யாரும் சாப்பிடப் போவதில்லை. 'டேக்' இங்கே 'ஊகிக்கிறேன்' என்கிற பொருளில் நிற்கிறது. இதற்குத் தமிழில் தனி வினையே தேவையில்லை. 'அனுப்பியிருப்பீர்களே?' அவ்வளவுதான். வினையின் வாலிலேயே ஊகம் வந்துவிடுகிறது. அதனால்தான் 'எடு'வை எங்கே பொருத்துவது என்று தேடி நீங்கள் சிக்கிக்கொண்டீர்கள்.

செந்தூலில் பன்னிரண்டு வருடமாக டியூஷன் நடத்துகிறேன். படிவம் 4 பிள்ளைகளுக்கு வருடா வருடம் ஒரு விளையாட்டு வைப்பேன். வெள்ளைப் பலகையில் 'டேக்' வைத்து இருபது வாக்கியம் எழுதிப் போட்டு, 'எடு' என்ற சொல்லைத் தொடாமல் தமிழில் சொல்லுங்கள் என்பேன். முதல் ஐந்து நிமிடம் ஒரே முழிதான், அப்புறம் கொட்டும். 'டேக் எ சீட்' உட்காருங்கள். 'டேக் மெடிசின்' மருந்து சாப்பிடு. 'டேக் ரிவெஞ்ச்' பழி வாங்கு. 'டேக் பார்ட்' கலந்துகொள். 'டேக் பிளேஸ்' நடக்கிறது. 'டேக் பிட்டி' இரக்கப்படு. 'டேக் எ டீப் பிரெத்' மூச்சை இழுத்து விடு. 'டேக் ஃபிரைட்' மிரண்டுபோ. 'டேக் த ஃபைவ் ஓ கிளாக் டிரெயின்' என்பதற்கு ஒரு பையன் 'அஞ்சு மணி ரயிலைப் பிடி' என்றான், பக்கத்தில் இருந்தவள் 'பிடிக்க அது என்ன கோழியா, ஏறு' என்றாள். இரண்டும் சரிதான் என்று மதிப்பெண் போட்டேன்.

இருபது வாக்கியத்துக்குப் பதினாறு, பதினேழு தமிழ் வினை வந்துவிடும். ஆங்கிலக்காரன் ஒரு காலிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வருகிற பெயர்ச்சொல்லை அதில் போடுகிறான். நாம் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பாத்திரம் வைத்திருக்கிறோம். 'டேக்' என்ன பொருள் என்று கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன். எதை டேக் பண்ணினார்கள் என்று கேட்பேன்.

படிவம் ஐந்து:

டீச்சர், ஒரு சந்தேகம். நான் இந்த வருடம் எஸ்.பி.எம். எடுக்கிறேன். இதில் 'எடுக்கிறேன்' சரியா? வீட்டில் தாத்தா 'சோதனையை எழுதத்தான் முடியும், எடுக்க அது என்ன மாங்காயா' என்று திட்டுகிறார்.

செந்தூல் ரயில்:

தாத்தாவைக் கும்பிட்டுக்கொள் பாப்பா. அவர் சொல்வதுதான் சரி.

நானும் இதைத்தான் சொல்ல வந்தேன். ஆங்கிலத்தில் 'டேக்'குக்கு ஆயிரம் பொருள் இருந்துவிட்டுப் போகட்டும், அது அவர்கள் பாடு. அது நம் மொழிக்குள் புகுந்து 'எடு'வைக் கெடுத்துவிட்டது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். காலையில் வானொலியைத் திறந்தால் 'இந்தப் பயணம் இரண்டு மணி நேரம் எடுக்கும்' என்கிறார்கள். நேரம் ஆகும், நேரம் பிடிக்கும் என்று எங்கள் காலத்தில் சொன்னோம். ஓய்வு எடு, முடிவு எடு, முயற்சி எடு, நடவடிக்கை எடு, அக்கறை எடு. ஓய்வு கொள்ளலாம், முடிவு செய்யலாம், முயற்சி செய்யலாம், அக்கறை காட்டலாம். போன வாரம் என் பேரன் 'தாத்தா, நான் ஒரு குளியல் எடுத்துட்டு வரேன்' என்றான். நான் வாளியை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

ரயில்வேயில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நாலும் ஒரே பட்டறையில் ஓடும். ஆனாலும் நாங்கள் 'எடு'வை இப்படி இழுத்தடிக்கவில்லை.

மேசை எண் 7:

ஐயா, 'ரயில் எடுத்தாச்சா' என்று பட்டறையில் யாரும் கேட்டதே இல்லையா? சும்மா கேட்டேன், கோபப்படாதீர்கள்.

ஜார்ஜ்டவுன் மொழிபெயர்ப்பு:

ரயில் ஐயாவின் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. 'குளியல் எடு'வை நானும் ஏற்கமாட்டேன். 'இரண்டு மணி நேரம் எடுக்கும்' என்று எவராவது எழுதிக் கொண்டுவந்தால் 'ஆகும்' என்று திருத்தித்தான் அனுப்புவேன். ஆனால் 'எடு' விரிந்ததற்கு எல்லாப் பழியையும் ஆங்கிலத்தின் தலையில் கட்ட முடியாது.

'எடு'வின் பழைய பொருள் கையில் எடுப்பதைவிடத் தூக்குவது, உயர்த்துவது என்பதற்குத்தான் பக்கம். வள்ளுவர் மழையைப் பற்றிச் சொல்வதைப் பாருங்கள்: 'கெடுப்பதூஉம் கெட்டார்க்குச் சார்வாய்மற் றாங்கே எடுப்பதூஉம் எல்லாம் மழை.' விழுந்தவனைத் தூக்கி நிறுத்துவதுதான் இங்கே 'எடுப்பது'. இதை ஆங்கிலத்தில் 'டேக்' என்று போட்டால் மழை வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றாகிவிடும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி' என்கிறான். நாம் கட்டுவித்த கற்கோயில் என்று பொருள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே 'எடு' கோயிலைக் கட்டியிருக்கிறது. பிள்ளையை எடுத்து வளர்த்தார்கள், குரலெடுத்துப் பாடினார்கள், பாம்பு படமெடுத்தது. இதில் எதற்கும் வெள்ளைக்காரன் காரணமில்லை.

இன்னொரு கூட்டமும் உண்டு. பசி எடுக்கிறது, தாகம் எடுக்கிறது, வலி எடுக்கிறது. இங்கே நான் எதையும் எடுக்கவில்லை. பசிதான் எனக்குள் கிளம்பி வருகிறது, நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். 'டேக்' வைத்து இதைச் சொல்லவே முடியாது. ஆக இரண்டு சொல்லும் நடுவில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, இரண்டு பக்கமும் தனித்தனியாக நீண்டு போகின்றன.

மூன்றாவதாக ஒருவரை எல்லோரும் மறந்துவிட்டீர்கள், மலாய். நம் ஊரில் 'எடு'வைக் கெடுத்ததில் 'அம்பில்'லுக்கும் பங்கு உண்டு. சோதனைக்கு மலாயில் இரண்டு வழி. ஒன்று 'அம்பில் பெப்பரிக்சாஆன்', எடுப்பது. இன்னொன்று 'மெந்துடுக்கி', அதாவது உட்காருவது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் சோதனைக்கு 'சிட்' என்பார்கள், அதே படம்தான் இதிலும் இருக்கிறது. பாப்பா, நீ எஸ்.பி.எம். எடுக்கலாம், எழுதலாம், உட்காரவும் செய்யலாம். தாத்தாவிடம் பேசும்போது மட்டும் எழுது.

படிவம் ஐந்து:

நன்றி. அவரிடம் எழுதுகிறேன், தோழிகளிடம் எடுக்கிறேன்.

பாலிக் பூலாவ் பெரியவர்:

நான் ஆங்கிலம் படித்தவன் இல்லை. ஆறாம் ஆண்டோடு நின்றவன். ஆனால் இந்தச் சொல்லால் எனக்கும் ஒரு கதை உண்டு.

எங்கள் தோட்டத்தில் டுரியான் ஒட்டுக் கட்டுவேன். கொட்டை போட்டு வளர்த்த கன்றைத் தரைக்குமேல் ஒரு சாண் விட்டுச் சீவி, நல்ல மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி செதுக்கி உள்ளே செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே பையைக் கவிழ்த்துக் கட்டிவிட வேண்டும். கை நடுங்கினால் போச்சு, சீவிய இடத்தில் விரல் பட்டாலும் போச்சு. மூன்று நான்கு வாரம் நிழலில் வைத்துவிட்டுத் தினமும் போய்ப் பார்ப்பேன். குச்சி கறுத்தால் செத்தது. மொட்டு பச்சையாகப் புடைத்தால் பிழைத்தது.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு கன்றைக் காட்டி 'டிட் இட் டேக்?' என்று கேட்டார். யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா என்று கேட்கிறார் என்று நினைத்து, 'நோ நோ, நோ படி டேக், ஐ லாக் த கேட்' என்றேன். அவர் குழம்பிப்போய் என்னையே பார்த்தார். கூட வந்த என் மகள்தான் 'அப்பா, ஒட்டுப் பிடித்ததா என்று கேட்கிறார்' என்றாள்.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நாமும் 'பிடித்துவிட்டது' என்றுதானே சொல்கிறோம், எதைப் பிடித்தது என்று சொல்வதில்லையே. அவர்களும் எதை எடுத்தது என்று சொல்லாமல் விடுகிறார்கள்.

டியூஷன் அக்கா:

பெரியவரே, பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக இருக்காது. அப்படிச் செயப்படுபொருள் இல்லாமல் வருகிற 'டேக்' அபூர்வம்தான், ஆனால் உண்டு. சாயம் துணியில் பிடித்தாலும், அம்மை குத்தியது பிடித்தாலும் அதே 'இட் டுக்'தான். எல்லாவற்றுக்கும் தமிழில் 'பிடி' பொருந்துகிறது. நேரம் பிடிக்கும், பஸ் பிடி, படம் பிடி, அடம் பிடி. 'டேக்'குக்கு உண்மையான தமிழ்ச் சகோதரன் 'எடு'வா 'பிடி'யா என்று எனக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

ஜார்ஜ்டவுன் மொழிபெயர்ப்பு:

'கொள்'ளையும் சேருங்கள் அக்கா. 'தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்' என்கிறோமே, அதில் பாதி வேலையைக் 'கொள்'தான் செய்கிறது. இதை ஆங்கிலத்தில் 'டோன்ட் டேக் இட் த ராங் வே' என்பார்கள். மலாயில் 'ஜாங்ஙான் அம்பில் ஹாத்தி', மனதில் எடுத்துவைக்காதே. மூன்று மொழியும் ஒரே இடத்தில் கை வைக்கின்றன. பினாங்கு பசாரில் மீன் விலை பேசும்போது மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறேன்.

ஆனால் நேரம் விஷயத்தில் மலாய்க்காரர்கள் தனி. அவர்களுக்கு நேரம் எடுக்கவும் எடுக்கும், 'மாக்கான் மாசா' என்று நேரத்தைத் தின்னவும் செய்யும். மருந்தும் 'மாக்கான் ஊபாட்', நம் 'மருந்து சாப்பிடு' மாதிரியே. ஆங்கிலத்தில்தான் மருந்தைச் சாப்பிடுவதில்லை, எடுக்கிறார்கள். 'மருந்து எடு' என்று இப்போது நம் பிள்ளைகள் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். இதில் ரயில் ஐயா பக்கம் நான்.

மேசை எண் 7:

சாப்பாடு என்றதும் வந்துவிட்டேன். நம் ஊர் ஆங்கிலத்தில் 'டேக்' என்றாலே பாதி நேரம் சாப்பாடுதான். 'ஹேவ் யூ டேக்கன்?' என்று முழுசாகக்கூடச் சொல்லாமல் கேட்பார்கள். பசியாறியாச்சா என்று நாம் கேட்பதன் நேர் நகல். 'யூ டேக் பீஃப் ஆ?', 'யூ டேக் ஸ்பைசி?' இதெல்லாம் தினமும் காதில் விழுவது. ஒரு லண்டன் நண்பனிடம் 'ஹேவ் யூ டேக்கன் யுவர் லஞ்ச்?' என்று கேட்டதற்கு, யாருடைய சாப்பாட்டையோ திருடிவிட்டதாக அவன் மேல் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

ஆனால் ஒட்டுமொத்தமாக 'டேக் அவே' மட்டும் இங்கே எடுபடவில்லை. மாமாக் கடையில் போய் 'டேக் அவே' என்று சொல்லிப் பாருங்கள், 'பொங்குஸ்ஸா?' என்று திருப்பிக் கேட்பார்கள். சீனர் கடையில் 'தாப்பாவ்'. அமெரிக்கர்களுக்கு அது 'டேக் அவுட்', பிரிட்டிஷ்காரர்களுக்கு 'டேக் அவே'. ரொட்டி சானாய் ஒன்றுதான், வாங்கும் வாய்தான் வேறு.

'ஐ கான்ட் டேக் இட்' என்பதும் இங்கே கிடையாது. 'கன்னாட் தாஹான்'தான். தாஹான் என்றால் தாங்கு. காதில் விழுகிறபோது தமிழ் மாதிரியே இருப்பதால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஜார்ஜ்டவுன் மொழிபெயர்ப்பு:

எத்தனை பொருள் என்று குமாஸ்தா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியிலேயே 'டேக்'குக்கு நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களை எண் போட்டு அடுக்கியிருக்கிறார். முன்னுரையில் 'டேக்', 'கெட்', 'புட்', 'ரன்' போன்ற வினைகளைப் பெயர் சொல்லி, இவற்றால் தன் உழைப்பு கூடிப்போனது என்று புலம்பியும் இருக்கிறார். ஆக்ஸ்போர்டு பெரிய அகராதியில் ரொம்பக் காலம் 'செட்'தான் முதலிடம், 1989 பதிப்பில் 430 பொருள். பிறகு 'ரன்' வினை மட்டும் 645 பொருளோடு முந்திவிட்டது. 'டேக்' அந்தப் பந்தயத்தில் முதலாவது இல்லை, ஆனால் அதே ஓட்டக்காரர் கூட்டம்தான்.

இதைவிட எனக்குச் சுவாரசியமானது 'டேக்' பிறப்பால் ஆங்கிலச் சொல்லே இல்லை என்பது. பழைய ஆங்கிலத்தில் 'எடு'வுக்கு 'நிமன்' என்றார்கள், ஜெர்மனில் இன்றைக்கும் 'நேமன்'. கடலோடி வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகள் 'தாக்கா' என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். அது வீட்டுக்குள் நுழைந்து, பிறகு வீட்டுக்காரனையே வெளியேற்றிவிட்டது. பழையவன் இப்போது இரண்டு மூலையில் ஒளிந்திருக்கிறான். ஒன்று 'நம்ப்', மரத்துப்போன விரலுக்குச் சொல்வது. உணர்வு எடுக்கப்பட்டுவிட்டது என்பதுதான் அதன் ஆதிப் பொருள். இன்னொன்று 'நிம்பிள்', சட்டென்று எடுக்கிற கை, அதாவது சுறுசுறுப்பு. 'அவர்கள்' என்பதற்கான 'தே'கூட அதே வைக்கிங்குகளிடம் வாங்கியதுதான். நாம் குடிக்கிற தே தாரே 'தே' இல்லை, மேசை எண் 7 அவசரப்பட வேண்டாம்.

செந்தூல் ரயில்:

வாடகைக்கு வந்தவன் வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட கதை. அதைத்தான் நானும் சொல்கிறேன். இன்றைக்கு 'குளியல் எடு', நாளைக்கு 'குளி' காணாமல் போகும்.

லிட்டில் இந்தியா தையல்:

சண்டைக்கு நடுவே நான் கொஞ்சம் புகுந்துகொள்கிறேன். பின்னால் ஒட்டுகிற குட்டிச் சொற்களைப் பற்றி யாரும் பேசவில்லையே? 'டேக் இன்', 'டேக் அப்' இவைதான் எங்கள் தொழிலின் சோறு.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சின்னதாக ஒரு தையல் கடை எங்களுடையது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு பெண் வந்தார். ஜரிகை வைத்த ரவிக்கை, தோள் சரியாக இருக்கிறது, இடுப்பு தொளதொள. என் தங்கை மகன், அப்போதுதான் சேர்ந்தவன், வாங்கி வைத்தான். அவர் 'பிளீஸ் டேக் இன் ஒன் இஞ்ச்' என்றிருக்கிறார். அவனும் மரியாதையாக அதை உள்ளே எடுத்துக்கொண்டு போய்க் கொக்கியில் மாட்டிவிட்டான். ஒரு இஞ்ச் எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை, சுவரிலிருந்து ஒரு இஞ்ச் தள்ளி மாட்டச் சொல்கிறாரோ என்று நினைத்தானாம். இரண்டு நாள் கழித்து அவர் வந்து போட்டுப் பார்த்தால் அதே தொளதொள. நான் தலையில் கை வைத்து, அப்போதே உட்கார்ந்து இரண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

நாங்கள் 'பிடித்துத் தை' என்போம். அகலத்தைக் குறைத்தால் 'டேக் இன்', நீளத்தை மடித்தால் 'டேக் அப்'. பிரித்துவிடுவதற்கு மட்டும் 'டேக்' வராது, 'லெட் அவுட்'. எனக்கு இது இன்னும் புரியவில்லை. உள்ளே போகும்போது 'டேக்', வெளியே வரும்போது ஏன் 'லெட்'?

டியூஷன் அக்கா:

துணியை நாம் இழுத்துப் பிடிக்கிறோம், அதனால் 'டேக்'. பிரிக்கும்போது துணியை அதன் போக்கில் விடுகிறோம், 'விடு' என்பதுதான் 'லெட்'. தமிழிலும் பிடி, விடு என்றுதானே ஜோடி? தையல்காரர்களுக்கு இலக்கணம் கையில் இருக்கிறது.

'டேக் இன்'னுக்கு வேறு முகங்களும் உண்டு. ஏமாற்றுவது ஒன்று. அநாதைப் பூனைக்கு வீட்டில் இடம் கொடுப்பது ஒன்று. கேட்ட செய்தி மண்டையில் ஏறுவதும் 'டேக் இன்'தான். 'டேக் ஆஃப்' இன்னும் மோசம். செருப்பைக் கழற்றுவது, விமானம் கிளம்புவது, வியாபாரம் சூடு பிடிப்பது, ஒரு நாள் விடுப்பு போடுவது, ஒருவரைப் போல நடித்துக் கேலி செய்வது எல்லாம் அதுதான். 'டேக் ஆஃப்டர்' என்றால் அப்பனை உரித்து வைத்தது மாதிரி இருப்பது. இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணாதீர்கள் என்று பிள்ளைகளிடம் கெஞ்சுகிறேன், கேட்பதில்லை. வாக்கியத்தோடு சேர்த்துப் படித்தால்தான் ஒட்டும்.

'டேக் லீவ்' தனிக் கதை. நமக்கு அது விடுப்பு எடுப்பது, எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுப்பதன் அண்ணன். பழைய ஆங்கிலக் கதைகளில் 'ஹி டுக் ஹிஸ் லீவ்' என்று வந்தால் விடைபெற்றுக் கிளம்பினார் என்று அர்த்தம். ஒரு மாணவன் 'ராஜா எம்.சி. எடுத்தார்' என்று எழுதியிருந்தான். அரை மதிப்பெண் கொடுத்தேன், தைரியத்துக்காக.

பாலிக் பூலாவ் பெரியவர்:

காவடியை ஏன் யாரும் சொல்லவில்லை?

நாம் காவடி எடுக்கிறோம், பால்குடம் எடுக்கிறோம், தீச்சட்டி எடுக்கிறோம். என் மகள் அலுவலகத்தில் 'மை பிரதர் டேக்கிங் காவடி திஸ் இயர்' என்றுதான் சொல்வாள். நம் பிள்ளைகள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். சில வருடத்துக்கு முன் தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் கீழே நின்றுகொண்டிருந்தோம். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து பேச்சுக் கொடுத்தார்கள். 'மை பிரதர் டேக்கிங் காவடி' என்று மகள் சொல்ல, அந்த அம்மா 'ஓ, வேர் இஸ் ஹி டேக்கிங் இட்?' என்று கேட்டார். எங்கே எடுத்துப் போகிறார் என்று. மகள் கையை நீட்டி 'அப்' என்றாள். 513 படி. அந்த அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஜார்ஜ்டவுன் மொழிபெயர்ப்பு:

அருமை பெரியவரே. நம் 'காவடி எடு'வில் இருப்பது ராஜராஜனின் 'எடு', வள்ளுவரின் 'எடு'. தூக்குவது, சுமப்பது. ஆங்கிலத்தில் அதற்கு 'கேரி' அல்லது 'பேர்' போட வேண்டும். ஆனால் நம் பிள்ளைகள் 'டேக்' போடுகிறார்கள். வெள்ளைக்காரருக்கு 'டேக்' வந்தாலே எங்கேயோ கொண்டுபோகிற திசை காதில் விழும், அதனால்தான் அந்தக் கேள்வி.

ரயில் ஐயா, பாருங்கள். 'டேக்' வந்து நம் 'எடு'வை இழுத்தது உண்மை. நம் 'எடு'வும் போய் அவர்கள் 'டேக்'கில் காவடியை ஏற்றிவிட்டதே.

செந்தூல் ரயில்:

பத்துமலையில் 272 படியும் ஏறி மூன்று முறை காவடி எடுத்தவன் நான். அதை 'கேரி' என்று சொன்னால் ஏதோ மார்க்கெட் கூடை மாதிரி இருக்கிறது. அதற்கு 'டேக்' என்று சொன்னால் நான் சண்டை போடமாட்டேன்.

ஆனால் குளியல் குளியல்தான். அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மேசை எண் 7:

ஐயா 'ஸ்டாண்ட்' எடுத்துவிட்டார்.

செந்தூல் ரயில்:

உன்னை நேரில் பார்த்தால் காதை எடுப்பேன்.

படிவம் ஐந்து:

இது எந்த 'எடு' டீச்சர்?

டியூஷன் அக்கா:

அறுப்பது. அவருடைய பேரன் மாதிரிதான் உங்கள் எல்லோரையும் நினைக்கிறார், பயப்படாதே.

பாப்பாவுக்குக் கடைசியாக ஒன்று. நாம் இடறுகிற இன்னொரு இடம் 'டேக்' எங்கே, 'பிரிங்' எங்கே என்பது. தமிழில் போ, வா என்று திசையை வினையே சொல்லிவிடும். கொண்டு போனால் 'டேக்', கொண்டு வந்தால் 'பிரிங்'. மலாயில் இரண்டுக்கும் 'பாவா' ஒன்றே போதும் என்பதால் நம் ஊரில் 'ஐ பிரிங் யூ கோ' என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் மனிதனென்றால் கூட்டிக்கொண்டு போ, பொருளென்றால் கொண்டு போ. ஆங்கிலத்துக்கு அந்த வித்தியாசம் கிடையாது, குடையும் பாட்டியும் ஒன்றுதான். காடியில் ஏற்றிக்கொண்டுபோய் விடுவதற்கு நாம் 'சென்ட்' போடுவோம். 'ஐ சென்ட் யூ ஹோம்' என்று வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால் தபாலில் போடப்போகிறோம் என்று நினைப்பார்.

பங்சார் குமாஸ்தா:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மேலாளரிடம் போய் அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை விளக்கினேன். ரவிக்கைக் கதையையும் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். வாடிக்கையாளரிடம் அடுத்த வேலைக்கு வாய்ப்புக் கேட்டிருக்கிறோம்.

இப்போது ஒரு புதுச் சிக்கல். அந்தப் புதுக் குவொட்டேஷனை இன்று காலை பத்து மணிக்குக் கேட்டார். மூன்று மணிக்கு 'கொஞ்சம் தாமதமாகிறது' என்று எழுதினேன். ஒரே வரியில் பதில்: 'டேக் யுவர் டைம்.'

நிதானமாகச் செய் என்கிறாரா?

டியூஷன் அக்கா:

முற்றுப்புள்ளி வைத்திருந்தாரா?

பங்சார் குமாஸ்தா:

வைத்திருந்தார்.

டியூஷன் அக்கா:

தம்பி, இந்த இழையை மூடிவிட்டு உடனே அனுப்புங்கள்.

மேசை எண் 7:

அனுப்பிவிட்டு வாங்கண்ணே, பிரிக்பீல்ட்ஸில் இலை போட்டு வைக்கிறேன்.